கஞ்சியும் ஸ்டார்ச்சும்: ஒரு சொல்லாய்வு

தோற்றுவாய்

இலக்கியத்தில் வரும் அருஞ்சொல்லுக்கு உரை தேடி அலையும் நாம், அன்றாடம் நாவில் புழங்கும் சொல்லைப் பெரும்பாலும் ஆராய்வதில்லை. ‘ஸ்டார்ச்’ என்னும் சொல்லை ஈண்டு எடுத்துக்கொள்வோம். சலவைக் கடையில் வேட்டியைக் கொடுத்து, “ஸ்டார்ச் போட்டுத் தாருங்கள்” என்கிறோம். தாவரவியல் வகுப்பில், வெயில் பட்ட இலையில் ஸ்டார்ச் உண்டாகிறது என்று படிக்கிறோம். மருத்துவரோ, “ஸ்டார்ச் மிகுந்த உணவைக் குறைத்துக்கொள்ளுங்கள்” என்று அறிவுரை கூறுகிறார். இம்மூன்று இடத்தும் சுட்டப்படுவது ஒரே பொருள்தான் என்பது நம்மில் எத்தனை பேர் நினைவில் நிற்கிறது?

இப்பொருளுக்குத் தமிழில் பெயர் இல்லையா என்று மாணவர் வினவுவது உண்டு. பெயர் இருக்கிறது. ஈராயிரம் ஆண்டுகளாக இருக்கிறது. ஆடைக்கு இடும்போதும் உணவாக உண்ணும்போதும் அதனை ஒரே பெயரால் நம் முன்னோர் அழைத்தனர். அப்பெயர் கடல் கடந்தும் சென்றது. எனினும் இன்றைய கல்வி வழக்கில் அதற்கு நேரும் குழப்பம், தேர்வுத்தாளில் மட்டுமன்றி உடல்நலத்திலும் கேடு விளைக்க வல்லதாய் இருக்கிறது. ஆதலின் அச்சொல்லின் பொருள், தோற்றம், வழக்கு ஆகிய மூன்றையும் இக்கட்டுரையில் காண்போம்.

பொருள் இன்னது

செடியும் மரமும் கதிரவன் ஒளியில் ஆக்கிய உணவைப் பின்னாளுக்கெனச் சேர்த்து வைக்கும் வடிவமே ஸ்டார்ச் ஆகும். நெல், கோதுமை, சோளம் முதலிய தானிய மணிகளிலும், உருளை, மரவள்ளி முதலிய கிழங்குகளிலும் அது நுண்ணிய மணிகளாகச் செறிந்துள்ளது. தீட்டிய அரிசியில் முக்கால் பங்குக்கு மேலும், மக்காச்சோள மணியில் ஏறத்தாழ 70 விழுக்காடும், பச்சை மரவள்ளிக் கிழங்கில் ஏறத்தாழக் கால் பங்கும் இப்பொருளே.

இதன் உள்ளமைப்பு அறியத்தக்கது. குளுக்கோஸ் எனப்படும் எளிய சர்க்கரையின் மூலக்கூறுகள் நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நிற்பதே ஸ்டார்ச். கிளையின்றி நீண்ட சங்கிலியாய் அமைவது அமைலோஸ். கிளை பல விட்டுப் படர்ந்தது அமைலோபெக்டின். பெரும்பாலான தானியங்களில் முன்னது 20 முதல் 30 விழுக்காடும், எஞ்சியது பின்னதுமாக இருக்கும்.

குளிர்ந்த நீரில் இது கரையாது, அடியில் படியும். நீரைக் காய்ச்சினால் மணிகள் நீரை உறிஞ்சிப் பருத்து உடையும், அமைலோஸ் நீரில் கசியும், நீர் குழம்பாகும். சோறு வடித்த நீர் கொழகொழவென்று இருப்பதன் காரணம் இதுவே. அந்நீர் ஆறினால் இறுகும். துணியில் தோய்ந்து உலர்ந்தால் நூலின்மேல் மெல்லிய ஏடாகப் படிந்து விறைப்பைத் தரும். சூடான தேய்ப்புப் பெட்டி மேலே செல்லும்போது அந்த ஏடு வழவழப்பும் பளபளப்பும் பெறும். அடுப்பில் நிகழ்வதும் சலவைத் துறையில் நிகழ்வதும் ஒரே வேதியியல்தான். அயோடின் கரைசலை இட்டால் கருநீலமாக மாறுவது இதன் அடையாளம். 1814-ஆம் ஆண்டு முதல் அறிவியலார் அறிந்த இச்சோதனையை நம் பள்ளி மாணவர் இன்றும் செய்து பார்க்கின்றனர்.

பிறமொழிகள் இட்ட பெயர்

ஒரு பொருளின் எந்தப் பண்பு மக்கள் கண்ணில் முதலில் பட்டதோ அப்பண்பே பெரும்பாலும் பெயராக அமையும். ஸ்டார்ச்சின் பெயர்கள் இதற்கு நல்ல சான்று.

ஆங்கில ஸ்டார்ச், ‘விறைப்பாக்குதல்’ என்னும் பொருளுடைய பழைய வினையடியாகப் பிறந்தது. ‘கடுமையான, விறைத்த’ என்று பொருள்படும் ‘ஸ்டார்க்’ என்னும் சொல் இதன் உறவு. செருமன் மொழியில் வலிமையைக் குறிக்கும் சொல்லே இப்பொருளையும் குறிக்கிறது. ஆகவே ஆங்கிலேயர் இதனை உணவாகக் கண்டு பெயரிட்டிலர். துணியை நிமிர்த்தும் பொருளாகக் கண்டே பெயரிட்டனர். முதலாம் எலிசபெத் அரசியார் காலத்தில், கழுத்தைச் சுற்றி அகன்ற மடிப்புப் பட்டிகளை அணிவது உயர்குடி வழக்கமாயிற்று. பிளாண்டர்ஸ் நாட்டிலிருந்து இலண்டனில் குடியேறிய ஒரு பெண்மணி 1564-ஆம் ஆண்டில் அப்பட்டிகளை விறைப்பாக்கும் கலையைக் கட்டணம் பெற்றுக் கற்பித்தார் என்பது அந்நாட்டு வரலாற்றுச் செய்தி.

கிரேக்கர் இதனை ‘அமிலோன்’ என்றனர். ‘ஆலையில் அரைக்கப்படாதது’ என்பது அதன் பொருள். கோதுமையைத் திரிகையில் இட்டு மாவாக்காமல், நீரில் ஊறவைத்துப் பிசைந்து எடுத்தமையால் அப்பெயர் வந்தது. இலத்தீனில் ‘அமைலம்’ ஆன அச்சொல்லே அமைலோஸ், அமைலேஸ் முதலிய வேதியியற் சொற்களுக்கு வேராயிற்று.

பாரசீகர் ‘நிஷாஸ்தா’ என்றனர். ‘அமர்த்தப்பட்டது, அடியில் படிந்தது’ என்னும் கருத்துடைய சொல் அது. அரபியில் அது ‘நஷா’ என வழங்குகிறது. இப்பெயரின் பொருத்தத்தை நம் வீட்டுத் தாய்மார் நன்கு அறிவர். கோதுமை அல்வாக் கிண்டுவோர் கோதுமையை ஊறவைத்து ஆட்டி, பிழிந்து பாலெடுத்து, அசையாமல் வைப்பர். சில மணி நேரம் கழித்து மேலே தெளிந்த நீரை இறுத்துவிட்டால் அடியில் வெண்ணிறமாய்ப் படிந்து நிற்பது எதுவோ அதுவே நஷா. அல்வா என்னும் பெயரும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது என்பதை ஈண்டு நினைவு கூர்தல் தகும்.

வடமொழியில் ‘மண்டம்’ என்பது வடித்த கஞ்சியைக் குறிக்கும். அதிலிருந்து வந்த ‘மண்ட்’ என்னும் சொல்லையே இன்றைய இந்திப் பாடநூல்கள் ஸ்டார்ச்சுக்கு ஆள்கின்றன. அடுக்களைச் சொல் அறிவியற் சொல்லாக உயர்ந்தமைக்கு இது ஒரு சான்று.

இவ்வாறு ஆங்கிலம் விறைப்பையும், கிரேக்கம் செய்முறையையும், பாரசீகம் படிதலையும் கண்டு பெயரிட்டன. தமிழர் எதனைக் கண்டனர்?

சங்கநூற் சான்றுகள்

ஆடைக்குக் கஞ்சியிடும் வழக்கம் வெள்ளையர் வருகைக்குப் பின் வந்தது என்று எண்ணுவோர் உளர். சங்கநூல்கள் அவ்வெண்ணத்தை மறுக்கின்றன.

கழார்க் கீரனெயிற்றியனார் பாடிய குறுந்தொகை 330-ஆம் பாடலில், சலவைத் தொழில் புரியும் பெண் ஒருத்தி ஆடையைப் பசையில் தோய்த்தெடுத்துத் துவைத்துக் குளிர்ந்த நீர்நிலையில் இடுகிறாள். முறுக்கு நீங்காமல் நீரில் கிடக்கும் அத்துணி, விரியும் பகன்றைப் பூவுக்கு உவமையாகிறது. அஞ்சில் அஞ்சியார் பாடிய நற்றிணை 90-ஆம் பாடலிலும் இத்தொழில் செய்வாள் ஒருத்தி வருகிறாள். விழா நடக்கும் ஊரில் ஆடையுடையோர் பலராதலின் அவள் கைக்கு ஓய்வில்லை; இரவிலேயே ஆடைக்குக் கஞ்சியிடுகிறாள். அக்கஞ்சியைப் புலவர் ‘புகர்’ என்னும் சொல்லால் குறித்து, அதற்குப் ‘புகா’ என்று அடைகொடுக்கிறார். புகா என்பது உணவு. உணவிலிருந்து எடுத்த கஞ்சி என்பது கருத்து.

மாங்குடி மருதனார் இயற்றிய மதுரைக்காஞ்சியில், பாண்டியன் நெடுஞ்செழியன் உடுத்த ஆடையைச் சொல்லுமிடத்தும் சோற்றுக் கஞ்சி இட்ட துகில் என்னும் குறிப்பு வருகிறது. (நூற்பெயரிலுள்ள ‘காஞ்சி’ நிலையாமை உணர்த்தும் திணைப்பெயர்; அதற்கும் கஞ்சிக்கும் தொடர்பில்லை என்பதை இளமாணவர் கருத்திற் கொள்க.) மன்னனின் துகிலும் விழாக்கால மக்களின் ஆடையும் ஒரே அடுக்களை நீரால் நிமிர்ந்தன என்பது இச்சான்றுகளால் பெறப்படும்.

கஞ்சி என்னும் சொல்லே பட்டினப்பாலையில் ஆளப்பட்டுள்ளது. காவிரிப்பூம்பட்டினத்து அறச்சாலைகளில் சோறு வடித்த கஞ்சி தெருவில் பெருகியோடியதையும், அங்கு எருதுகள் மோதிச் சேறானதையும் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடுகிறார். ஒரு நகரின் வளத்தைக் காட்டப் புலவர் பொன்னையும் மணியையும் மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை; பிறர்க்கு இட்ட சோற்றின் கஞ்சியையும் எடுத்துக்கொண்டார் என்பது நோக்கற்பாலது.

ஆக, பசை, புகர், கஞ்சி என மூன்று பெயர்கள் பழந்தமிழில் கிடைக்கின்றன. இவற்றுள் பசை ஒட்டும் பண்பைக் காட்டுவது. ஏனைய இரண்டும் சோற்றோடும் உணவோடும் பிரியாது நிற்பவை. தமிழர் இப்பொருளை முதலில் உலைப்பானையில் கண்டனர். பிறகே ஆடைக்குக் கொண்டு சென்றனர்.

கஞ்சியின் உறவும் வழக்கும்

கஞ்சி தனித்த தமிழ்ச் சொல் அன்று. திராவிட மொழிகளின் பொதுச்சொத்து. மலையாளத்தில் ‘கஞ்ஞி’ என்றும், கன்னடம், தெலுங்கு, துளு ஆகியவற்றில் ‘கஞ்சி’ என்பதன் முதலெழுத்தை மெலிதாக்கியும் வழங்குகின்றனர்.

தமிழில் இச்சொல் மூன்று பொருள் தரும். சோறு வடித்த நீர் முதற்பொருள். தானியத்தை நீர் மிகுதியாக இட்டுக் குழைய வேகவைத்த உணவு இரண்டாம் பொருள். துணிக்கும் நூலுக்கும் இடும் பசைநீர் மூன்றாம் பொருள். கூழ் என்பது இதனினும் வேறானது. தானியத்தை மாவாக்கிக் கிண்டுவது கூழ். மணியாகவோ நொய்யாகவோ வேகவைப்பது கஞ்சி. திருக்குறளில் கூழ் என்னும் சொல் உணவு வளத்தையும் பொருள் வளத்தையும் குறிக்கும் அளவுக்கு விரிந்திருப்பதை அறிவோம்.

மக்கள் வழக்கிலோ கஞ்சி வாழ்வுக்கே மறுபெயர். “கஞ்சிக்கு வழியில்லை” என்றால் வறுமை. “கடைசிக் காலத்தில் கஞ்சி ஊற்றுவான்” என்றால் மகன் மீது வைத்த நம்பிக்கை. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தை நம் முன்னோர் தாது வருடப் பஞ்சம் என்றனர். அத்தகைய காலங்களில் பசித்தோர்க்கு உணவு வழங்கிய இடத்திற்குக் கஞ்சித்தொட்டி என்பதே பெயர். “கஞ்சி போட்ட சட்டை” என்றாலோ மிடுக்கு. ஒரே சொல் ஏழ்மையையும் மிடுக்கையும் ஒருங்கே தாங்கி நிற்கிறது. விறைப்பை மட்டும் வேராகக் கொண்ட ஆங்கிலச் சொல்லுக்கு இவ்வாழ்வு இல்லை.

கடல் கடந்த கஞ்சி

போர்ச்சுகீசியர் இந்தியக் கரைக்கு வந்த பின் இச்சொல் மேற்கு நோக்கிச் சென்றது. கோவாவில் வாழ்ந்த போர்ச்சுகீசிய மருத்துவர் கார்சியா த ஓர்த்தா 1563-இல் அச்சிட்ட மருந்து நூலில், நோயாளிக்கு மிளகும் சீரகமும் சேர்த்துக் கொடுக்கும் அரிசி நீரைக் குறிக்குமிடத்து இப்பெயரை எழுதியுள்ளார். இன்றும் போர்ச்சுகல் நாட்டிலும் பிரேசிலிலும் கோழியும் அரிசியும் இட்டுக் காய்ச்சும் நீர்த்த உணவு ‘கான்ஜா’ எனப்படுகிறது. நோயுற்றோர்க்கு அதனையே கொடுக்கின்றனர். பெயரோடு பயனும் மாறாது சென்றிருக்கிறது.

ஆங்கிலத்தில் இது ‘காஞ்சி’ என்றாயிற்று. ஆங்கிலோ இந்தியச் சொற்களைத் தொகுத்து யூல், பர்னல் இருவரும் 1886-இல் வெளியிட்ட ஹாப்ஸன் ஜாப்ஸன் என்னும் அகராதி இச்சொல்லைத் தமிழுக்கே உரியதாகக் காட்டி, இந்தியச் சலவைத் தொழிலாளர் துணிக்கு இடுவதும் இதுவே என்று விளக்குகிறது. இன்று சீனர் உண்ணும் அரிசிக் கஞ்சியையும் ஆங்கிலம் பேசும் உலகம் இப்பெயராலேயே அழைக்கிறது. சீனரின் உணவுக்குத் தமிழ்ச்சொல் பெயராயிற்று என்பது வியப்புக்குரியது.

கிழக்கு நோக்கிய பயணம் இதனினும் சிறப்புடையது. தமிழ் வணிகர் நெடுங்காலம் உறவு கொண்டிருந்த மலாய் மொழியில் ‘கஞ்சி’ என்னும் சொல் உணவை மட்டும் குறித்து நிற்கவில்லை. ஸ்டார்ச் என்னும் பொருளுக்கே அது பெயர்! இந்தோனேசியாவில் மரவள்ளியிலிருந்து எடுக்கும் மாவைத் ‘தெப்புங் கஞ்சி’ என்பர். துணிக்கு இடுவதும் கஞ்சிதான். தமிழ் வீட்டுப் பானையில் பிறந்த சொல்லை அயல்நாட்டார் எடுத்துப் பொருட்பெயராக ஆள்கின்றனர். அச்சொல்லுக்கு உரிய நாமோ ‘ஸ்டார்ச்’ என்கிறோம்.

பெரம்பலூர், அரியலூர் மண்ணில்

இனி நம் பகுதியை நோக்குவோம். பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து 1995-இல் பெரம்பலூர் தனி மாவட்டமாயிற்று. அதிலிருந்து 2001-இல் பிரிந்து மறு ஆண்டே மீண்டும் இணைந்த அரியலூர், 2007-இல் நிலையாகத் தனி மாவட்டமாயிற்று. அரியலூரின் தென்பகுதியில் கொள்ளிடத்தை ஒட்டிய திருமானூர், தா.பழூர் வட்டாரம் நெல் விளையும் மண். பெரம்பலூரோ வானம் பார்த்த கரிசல் மிகுந்த பூமி. அதனால் அங்கே அரிசிக் கஞ்சி வழங்கிய நாளில் இங்கே கம்பும் சோளமும் கேழ்வரகுமே கஞ்சியாகவும் கூழாகவும் மக்களைக் காத்தன.

இன்று பெரம்பலூர் தமிழ்நாட்டில் மக்காச்சோளம் மிகுதியாக விளையும் மாவட்டங்களுள் ஒன்று. பருத்தியும் சின்ன வெங்காயமும் இம்மண்ணின் பிற பயிர்கள். மக்காச்சோளம் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். கொலம்பஸின் பயணத்திற்குப் பின்னரே உலகின் இப்பகுதிக்கு வந்தது. அதன் பெயரிலுள்ள ‘மக்கா’ இந்தி, உருது வழக்கின் வழியாக வந்தது. அதனைப் புனித மக்கா நகரோடு இணைத்துப் பேசும் வழக்கமும் உண்டு. புதுப்பயிர் மேற்றிசையிலிருந்து வந்தது என்னும் எண்ணம் அதில் ஒளிந்திருக்கலாம். ஆயினும் அப்பயிரின் தாயகம் அரபு நாடு அன்று.

இம்மக்காச்சோளத்தின் பெரும்பகுதி கோழித்தீவனமாகிறது. ஒரு பகுதி ஸ்டார்ச் ஆலைகளுக்குச் செல்கிறது. ஆலையில் மணியைக் கந்தக டை ஆக்ஸைடு கலந்த வெந்நீரில் ஊறவைத்து, முளைப்பகுதியை நீக்கி, அரைத்துச் சலித்து நாரைப் பிரித்து, புரதத்தையும் விலக்கினால் எஞ்சுவது தூய ஸ்டார்ச். அல்வாவுக்குப் பாலெடுக்கும் முறையின் பெருவடிவமே இது. காகிதம், அட்டைப்பெட்டி, மாத்திரை, ஒட்டுப்பசை, துணி எனப் பல தொழில்கள் இதனை வேண்டி நிற்கின்றன. பச்சைமலைப் பகுதியில் விளையும் மரவள்ளியும் இவ்வகையினதே. இரண்டாம் உலகப்போரின்போது மலேயாவிலிருந்து வந்த ஜவ்வரிசி நின்றுபோக, சேலத்தில் மரவள்ளியிலிருந்து ஜவ்வரிசியும் ஸ்டார்ச்சும் எடுக்கும் தொழில் 1943-ஐ ஒட்டித் தொடங்கியது. அத்தொழிலோர்க்கான கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் 1981-இல் அங்கே அமைந்தது.

ஜெயங்கொண்டம், உடையார்பாளையம் வட்டாரம் நெசவுக்குப் பெயர்பெற்றது. பருத்தி நெசவில் கஞ்சியின் இடத்தை நெசவாளர் அறிவர். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல், விழுதிலும் அச்சிலும் ஆயிரக்கணக்கான முறை உராய வேண்டும். வெறும் நூல் அவ்வுராய்வைத் தாங்காது. பிசிர் எழுந்து அறும். பாவை நீளக் கட்டிக் கஞ்சியிட்டு உலர்த்தினால் பிசிர் படிந்து நூல் உரம்பெறும். நெய்து முடிந்தபின் சாயமேற்றுவதற்கு முன் அக்கஞ்சியை நீக்க வேண்டும். ஆலைகளில் அதற்கு அமைலேஸ் என்னும் நொதியைப் பயன்படுத்துகின்றனர். நம் உமிழ்நீரில் இருந்து சோற்றைச் சர்க்கரையாக்குவதும் அவ்வகை நொதியே. ஒரே கரிசல் மண்ணில் பருத்தியும் விளைகிறது. அதன் நூலுக்கு இடும் கஞ்சிக்கு உரிய தானியமும் விளைகிறது.

நோன்புக் கஞ்சி

லப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் முதலிய ஊர்களிலும், தமிழகமெங்கும் முஸ்லிம்கள் வாழும் பிற ஊர்களிலும் ரமலான் மாதத்தில் கஞ்சி தனிச்சிறப்புப் பெறுகிறது. பச்சரிசியும் பாசிப்பருப்பும் வெந்தயமும் இஞ்சியும் பூண்டும் இட்டு, சில ஊர்களில் தேங்காய்ப்பாலும் கறியும் சேர்த்துப் பள்ளிவாசலில் பெரும் பாத்திரங்களில் காய்ச்சுவர். அஸர் தொழுகைக்குப் பின் தூக்குப் பாத்திரங்களோடு சிறுவர் வரிசையில் நிற்பர். சமய வேறுபாடு பாராமல் அக்கம்பக்கத்தாரும் வாங்கிச் செல்வர். தமிழ்நாடு அரசும் இதன்பொருட்டுப் பள்ளிவாசல்களுக்குப் பச்சரிசி ஒதுக்கி வருகிறது. ஆடி மாதத்தில் மாரியம்மன் கோயில்களில் கூழ் வார்ப்பதும் இதே மண்ணின் வழக்கம். பசித்தவர்க்கு நீர்த்த உணவை முதலில் கொடுக்க வேண்டும் என்னும் அறிவு இரண்டிலும் பொதுவாய் நிற்கிறது. மலேசியா, சிங்கப்பூர் நாடுகளில் தமிழ் முஸ்லிம்களின் பள்ளிவாசல்களிலும் நோன்புக் கஞ்சி வழங்கப்படுகிறது. சொல்லும் சோறும் ஒன்றாகவே கடல் கடந்தன.

கலைச்சொற் குழப்பமும் அதன் விளைவும்

இத்துணைப் பழமையும் பரப்பும் உடைய பொருளுக்கு நம் பாடநூல்களில் என்ன பெயர்? ஸ்டார்ச் என ஒலிபெயர்த்தும், ‘தரசம்’ என்றும், மாச்சத்து என்றும், மாவுச்சத்து என்றும் பலவாறு எழுதப்பட்டு வந்துள்ளன. பல பெயர் இருத்தல் குற்றமன்று. ஆனால் இவற்றுள் மாவுச்சத்து என்பதையே கார்போஹைட்ரேட் என்னும் பேரினத்துக்கும் வழங்குகின்றனர். இங்கேதான் இடர் தோன்றுகிறது.

கார்போஹைட்ரேட் ஒரு குலம். குளுக்கோஸ், கரும்புச் சர்க்கரை, பாலிலுள்ள சர்க்கரை, ஸ்டார்ச், நார்ப்பொருளாகிய செல்லுலோஸ் யாவும் அக்குலத்து உறுப்பினர். குலத்துக்கும் உறுப்பினர் ஒருவர்க்கும் ஒரே பெயர் இட்டால், “சர்க்கரை ஒரு மாவுச்சத்து” என்று மாணவன் எழுதுவான். மாவில்லாத சர்க்கரை எப்படி மாவுச்சத்தாயிற்று என்று கேட்டால் அவனுக்கு விடை தெரியாது. தரசம் என்னும் சொல்லிலோ, அதன் வடிவைக் கொண்டு பொருளை உய்த்துணர அவனால் இயலவில்லை. மனனம் செய்யும் சொற்களுள் ஒன்றாகவே அது நின்றுவிடுகிறது. மலையாளத்தில் ‘அன்னஜம்’ என்னும் சொல்லும், தெலுங்கில் மாவைக் குறிக்கும் ‘பிண்டி’ அடியாகப் பிறந்த சொல்லும் இவ்வாறே இரு பொருளுக்கும் பொதுவாய் நிற்றலைக் காணலாம். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களோ இதனைத் தீர்த்துக்கொண்டன. அவை ஸ்டார்ச்சை ‘மாப்பொருள்’ என்றும், பேரினத்தைக் ‘காபோவைதரேற்று’ என்றும் பிரித்தே வழங்குகின்றன.

இது சொற்போர் மட்டுமன்று. நீரிழிவு நோய் பரவியுள்ள இக்காலத்தில் நம் முதியோர் பலர், “நான் சர்க்கரை சேர்ப்பதே இல்லை, கஞ்சிதான் குடிக்கிறேன்” என்று மன அமைதியோடு கூறுவதைக் கேட்கிறோம். இனிப்பு இல்லாத உணவில் சர்க்கரை இல்லை என்பது அவர்தம் எண்ணம். ஸ்டார்ச் என்பது கோத்துவைத்த சர்க்கரையே என்பதை எந்தச் சொல்லும் அவர்க்கு எடுத்துரைக்கவில்லை. 1811-இல் கிர்ஹாஃப் என்னும் வேதியியலார் ஸ்டார்ச்சை நீர்த்த அமிலத்தோடு காய்ச்சிச் சர்க்கரையாக்கிக் காட்டினார். 1833-இல் பாயன், பெர்சோ இருவரும் முளைத்த தானியத்திலிருந்து அதே வேலையைச் செய்யும் நொதியைப் பிரித்தெடுத்தனர். ஆய்வுக்கூடம் வேண்டாதார், ஒரு கவளம் சோற்றை நெடுநேரம் மென்று பார்க்கட்டும். நாவில் இனிப்புத் தோன்றும். குழைய வெந்த கஞ்சி விரைவில் செரித்து இரத்தத்தில் குளுக்கோஸாகக் கலக்கும். பருப்பு சேர்ந்தால் புரதமும், வெந்தயம் சேர்ந்தால் நாரும் கூடும். எனினும் அரிசியின் ஸ்டார்ச் இல்லாமற் போவதில்லை.

ஆதலின் நீரிழிவு உடையோர் நோன்பு நோற்பது பற்றியும், நோன்பு திறக்கையில் எவ்வளவு கஞ்சி அருந்தலாம் என்பது பற்றியும் முன்னதாகவே மருத்துவரைக் கலந்துகொள்ள வேண்டும். நோயாளிக்கு மார்க்கம் சலுகை அளித்திருப்பதையும் மறவாதிருத்தல் நன்று. கஞ்சியைக் குறை கூறுவது எம் கருத்தன்று. அதன் இயல்பை அறிந்து அருந்துக என்பதே கருத்து.

நிறைவுரை

மேற்கண்டவற்றால் சில முடிபுகள் பெறப்படும். ஸ்டார்ச் என்னும் ஆங்கிலச் சொல் விறைப்பினின்று பிறந்தது. தமிழில் அப்பொருளின் பழம்பெயர்களான புகர், கஞ்சி ஆகியவை உணவோடு பிணைந்தவை. ஆடைக்குக் கஞ்சியிடும் வழக்கம் சங்ககாலம் தொட்டு நம்மிடம் உள்ளது. கஞ்சி என்னும் சொல் மேற்கே நோயாளியின் உணவுக்கும், கிழக்கே அப்பொருளுக்கும் பெயராகி நிலைத்தது.

இனிச் செய்யத்தக்கது யாது? துணிக்கும் நூலுக்கும் இடுவதைக் கஞ்சி என்றே சொல்வோம். அங்கே ஸ்டார்ச் என்னும் சொல்லுக்குத் தேவையே இல்லை. நீரில் காய்ச்சுவதற்கு முன்னுள்ள தூய பொருளைக் கஞ்சி என்றல் தமிழ் மரபுக்குப் பொருந்தாது. அறிவியலில் அதற்கு மாப்பொருள் என்னும் பெயரை ஒரு தலையாகக் கொள்ளலாம். பேரினத்துக்குக் கார்போஹைட்ரேட் என்பதையே வைத்துக்கொண்டு, மாவுச்சத்து என்பதை அதற்கு வழங்குவதை விட்டுவிடலாம். பாடம் நடத்தும் ஆசிரியர், “மாப்பொருள் என்பது கோத்துவைத்த சர்க்கரை, அதை நீரில் காய்ச்சினால் கஞ்சி” என்று ஒருமுறை சொல்லிவிட்டால் மாணவன் மறக்கமாட்டான்.

அம்மாணவன் மாலையில் வீட்டுக்குச் சென்று, கஞ்சிக் கிண்ணத்தோடு அமர்ந்திருக்கும் தன் பாட்டனாருக்கும் அதனைச் சொல்வானாயின், தமிழில் அறிவியல் பயின்றதன் பயன் அவ்வீட்டில் விளைந்துவிடும்.